தண்ணீரில் மூழ்கிச் செத்த விரால்

நான் ஒரு மீனைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்றிருக்கிறேன். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணைக் கசக்க வேண்டாம். பூனை தூக்கவில்லை, கத்தி படவில்லை, தண்ணீரில் மருந்து கலக்கவில்லை. நல்ல தண்ணீரில், கழுவிய வாளியில், என் முழு கவனிப்பில், அது மூச்சுமுட்டிச் செத்துப் போனது. எங்கள் குடும்பத்தில் முட்டாள்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீனுக்கே மூச்சு வாங்க வைத்தவன் நான் ஒருவன்தான். இதை ஒரு சாதனையாகவே அக்கா இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிவருகிறாள்.

அது விரால். எங்கள் பக்கம் யாரும் விரால் என்று சொல்வதில்லை, ஹாருவான் என்றால்தான் தெரியும். மலாய்க்காரர், சீனர், தமிழர் மூன்று பேரும் வாதாடாமல் ஒத்துக்கொள்ளும் விஷயங்கள் இந்த நாட்டில் குறைவு. அதில் ஒன்று, அறுத்த புண்ணுக்கு ஹாருவான் சூப். பிரசவத்துக்கு வயிற்றைக் கிழித்தவள், நெஞ்சைத் திறந்து தைத்தவர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன், எல்லோருக்கும் அதுதான். தையல் போடுவதோடு டாக்டரின் வேலை முடிந்தது, மிச்சத்தை ஹாருவான் பார்த்துக்கொள்ளும் என்பது எங்கள் நம்பிக்கை. ஒரே நிபந்தனை, அது உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போதுதான் அறுக்க வேண்டும். செத்த ஹாருவான் வெறும் மீன்.

புண் மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் கணவர். கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றும் பெரிய லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்பு நீர் வியாதி பல வருஷமாக அவருடன் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடம் மூடவே இல்லை. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றினார்கள், கிளினிக்கில் கட்டு மாற்றினார்கள். அது பாட்டுக்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது.

எனக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில். கல்யாணக் கார்டும் கருமக்கிரியைக் கார்டும் அச்சடிக்கும் கடையில் எழுத்துப் பிழை பார்ப்பவன். கடைக்கு மேலேயே ஓர் அறை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, நின்றும் போய்விட்டதால், வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் பிடித்து கிள்ளானுக்குப் போய்விடுவேன். அக்கா ஒரு சமையல்காரக் குழுவோடு சனிக்கிழமைகளில் கல்யாண மண்டபங்களுக்குச் சமைக்கப் போவாள். அவள் திரும்பும்வரை மாமாவுக்கு நான் காவல். எனக்கு யார் காவல் என்று அக்கா அவ்வப்போது கேட்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் போனில் சொன்னது இவ்வளவுதான். "பாசார்ல ஹாருவான் வாங்கிட்டு வா. பண்ணை மீன் வேணாம், ஆத்து மீன். உயிரோட இருக்கணும், புரியுதா. உயிரோட."

வாங்கினேன். மீன்கார சீனத்தி நெகிழிப் பையில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, பாம்புத் தலையோடு கறுப்பாக நெளிந்த ஒன்றை உள்ளே விட்டாள். பை பூராவும் காற்றுதான் இருந்தது. என்னடா இவள் தண்ணீரில்கூடக் கஞ்சம் பிடிக்கிறாளே என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனதும் அந்தக் கஞ்சத்தனத்தைச் சரிசெய்தேன். பின்கட்டுக் குளியலறையில் இருந்த பெரிய வாளியை விளிம்புவரை நிரப்பினேன். மீனை விட்டேன். ஹாருவான் துள்ளும், துள்ளினால் வடிகாலுக்குள் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், மூடியை அழுத்தி மூடினேன். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. அதற்கும் மேலே அக்காவின் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம், கடமையை முடித்தவனின் தூக்கம்.

காலையில் அக்கா அம்மியை எடுத்தாள், மூடியைத் திறந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். வெள்ளை வயிறு மேலே தெரிந்தது.

கைப்பேசியில் தேடிப் பார்த்தபிறகுதான் விஷயம் விளங்கியது. ஹாருவானுக்கு செவுளுக்கு மேலே தனியாக ஓர் அறை இருக்கிறது. அதில் காற்றை அடைத்துக்கொள்ளும். குஞ்சாக இருக்கும்போது செவுளை வைத்துச் சமாளிக்கும், வளர்ந்த பிறகு முடியாது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வழியை அடைத்தால் மற்ற எல்லோரையும்போல அதுவும் மூழ்கிவிடும்.

இதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலை ஊன்றி மாடிப்படி ஏற முடியாது என்று கட்டிலைக் கீழே கூடத்துக்கே கொண்டுவந்திருந்தார்கள். அக்கா மட்டும் மாடியில் படுத்தாள்.

"மீன மூழ்கடிச்சிட்டியா மச்சான்?" என்றார். "பறவைய என்ன பண்ணுவ, மேலயிருந்து தள்ளிவிட்டுக் கொல்லுவியா?"

"தண்ணி நெறைய இருந்தா நல்லதுனு நெனச்சேன் மாமா."

"நீ எனக்கு சூப் வெக்கக் கூடாது. சூப்ல நானும் மூழ்கிருவேன்."

சிரித்தார். தொப்பை குலுங்கச் சிரிக்கும் மனிதர் அவர். அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முதுகு ஏறி இறங்கியது. நான் முதுகைத் தட்டினேன். உள்ளே ஏதோ கொழகொழவென்று, புட்டியில் கொஞ்சம் மீதமிருக்கும் தண்ணீரைக் குலுக்கியதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்தபோது உதடு கொஞ்சம் கருநீலமாக இருந்தது. "சிரிக்க வெக்காதடா" என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அக்கா வேலைக்குப் போனபிறகு நாங்கள் இருவரும் டிவி பார்ப்போம். மாமாவுக்கு அரசியல் பிடிக்காது, சீரியல் பிடிக்காது. மிருகங்கள் வரும் சேனல்தான். அன்றைக்கு மனட்டீ என்கிற ஒரு பிராணியைக் காட்டினார்கள். நம் பக்கத்துக் கடற்பசுவுக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி. சாம்பல் நிறத்தில், அரிசி மூட்டைக்குத் துடுப்பு முளைத்ததுபோல, தெளிந்த ஆற்றுத் தண்ணீரில் ஒன்றும் செய்யாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பாசியும் புல்லும்தான் சாப்பாடு. யாரையும் கடிப்பதில்லை. சுறுசுறுப்பு என்றால் என்னவென்றே தெரியாது. துடுப்பின் நுனியில் யானைக்கு இருப்பதுபோல நகம்கூட இருக்கிறது. யானையின் தூரத்துச் சொந்தமாம்.

"இது நான்தான்" என்றார் மாமா. "பாரு. தொப்பை, மீசை, நாள் பூரா மேய்ச்சல். அந்தக் கண்ணைப் பாரு, உங்க அக்கா திட்டுறப்ப நான் இப்பிடித்தான் பாப்பேன்."

"அது பச்சக் கீரை தின்னுது மாமா. நீங்க மட்டன் தின்னீங்க."

"அதனாலதான் அதுக்கு வெரல் போகல."

நிகழ்ச்சியில் அது தூங்குவதைக் காட்டினார்கள். ஆற்றின் அடியில் கல்லுபோல மூழ்கிக் கிடக்கிறது. முதுகு நெடுகிலும் நீண்டு கிடக்கும் நுரையீரல் அதற்கு. மூக்கு இரண்டையும் மூடி போட்டு மூடியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைக்கூடத் திறக்காமல், உடம்பு தானாக மேலே மிதந்து வருகிறது. மூக்கு நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே. மூடி திறக்கிறது, ஒரு மூச்சு, மூடி மூடுகிறது. மறுபடி கீழே. வாழ்நாள் பூராவும், ஒவ்வொரு தூக்கத்திலும் இப்படித்தான். ஒரு தடவை ஏற முடியாமல் போனால் அவ்வளவுதான்.

நான் ஏதோ நகைச்சுவை சொன்னேன், என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை.  மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கத்துலகூட ஏறி வரணும்" என்றார் கடைசியில். "அசதியா இருக்காது?"

அந்த வாரம் முழுக்க மழை. பிரிக்பீல்ட்ஸில் மழை என்றால் வாழையிலைக் கடை வாசலில் குடைகள் கூடும், அவ்வளவுதான். கிள்ளானில் அப்படியில்லை. அக்காவின் தாமான், அவள் வீடிருக்கும் குடியிருப்பு, ஆற்றைவிடத் தாழ்வாக இருக்கிறது. கடலின் பெரிய ஏற்றமும் மழையும் ஒரே நாளில் வந்தால் வடிகாலில் தண்ணீர் பின்னோக்கி ஓடும். வீட்டிலிருந்து வெளியே போக வேண்டிய தண்ணீர் வெளியிலிருந்து வீட்டைப் பார்த்து வரும். வரும்போது தனியாக வராது.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது பின்சந்தில் ஒரு பியாவாக் படுத்திருந்தது. உடும்பின் வகைதான், ஆனால் ஆளை விட நீளம். வடிகால் சிமெண்டில் வயிற்றை வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி அக்கா வீட்டுப் பின்கதவை முகர்ந்துகொண்டிருந்தது. "ஷூ" என்றேன். அது என்னைப் பார்த்த பார்வையில், யாரைப் பார்த்து ஷூ என்கிறாய் என்று இருந்தது. நான்தான் உள்ளே போனேன். பக்கத்து வீட்டுக்காரர், ஆற்று நீர்நாய்கள் குடும்பத்தோடு பெரிய வடிகாலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன என்றும், காலையில் அவர் வளர்த்த சிவப்பு மீன்களின் தலைகளை மட்டும் வரிசையாக விட்டுவிட்டுப் போயிருந்தன என்றும் சொன்னார். தண்ணீரில் வாழும் எல்லாமும் ஏதோ ஒரு தகவல் கிடைத்ததுபோல மேலே நகர்ந்துகொண்டிருந்தன. தகவல் கிடைக்காதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

இந்த முறை ஹாருவானை வாளியில் பாதித் தண்ணீரில் விட்டேன். மூடிக்குப் பதில் வலைத் துணி. அக்கா வந்து சோதித்துவிட்டு, "பரவால்ல, மனுஷனாயிட்ட" என்றாள்.

மாமாவின் கால்தான் என் கண்ணில் பட்டது. செருப்பின் வார் பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்து கிடந்தது. புண் இருந்த கால் மட்டுமல்ல, நல்ல காலும். கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்தபிறகும் குழி அப்படியே இருந்தது. மாவைப் பிசைந்து வைத்ததுபோல.

"என்ன மாமா இது, அழுத்துனா திரும்பி வர மாட்டேங்குது?"

"ரொம்ப நாள் ஒக்காந்தே இருக்கேன்ல, அதான். கைய எடு, கூசுது."

"அக்கா பாத்துச்சா?"

"அவளுக்கு என் கால்ல கட்டு மட்டும்தான் தெரியும்."

சனிக்கிழமை அதிகாலையில், அக்கா இறங்கி வருவதற்கு முன்னால், எனக்கு விழிப்பு வந்துவிட்டது. நான் படுப்பது சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறை. தண்ணீர் குடிக்கக் கூடத்தின் வழியாகப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளம் இல்லை. மாமா ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. சட்டை முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது.

நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்தார்.

"ஏன் மாமா இங்க?"

"சூடு."

"இந்த மழையிலயா?"

 மாடியில் அக்காவின் காலடி கேட்டது. அவர் அவசரமாக எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்குப் போனார். போர்வையைக் கலைத்தார். தலையணையைக் கையால் குத்திப் பள்ளம் செய்தார். பல நாள் பழக்கமான கைகள் செய்வதுபோல அவ்வளவு சுத்தமாக நடந்தது அது. பிறகு உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"படுத்தா மூச்சு நிக்குது மச்சான்" என்றார் மெதுவாக. "யாரோ நெஞ்சு மேல ஏறி ஒக்காந்த மாதிரி. நிமிந்தா சரியாயிருது. அக்காகிட்ட சொல்லாத."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம் மாமா."

"போன தடவ போனப்ப ரெண்டு வெரல எடுத்துக்கிட்டாங்க. இந்தக் கால இப்பப் பாத்தாங்கன்னா முட்டிவரைக்கும் கேப்பாங்க. என்னோட ஓட்டுன ஒருத்தன், மூச்சு வாங்குதுனு நடந்து உள்ள போனான். முதல்ல கழுத்துல குழாய் போட்டாங்க, அப்புறம் கால். அப்புறம் நான் போய்ப் பாத்தப்ப மூஞ்சிய மூடியிருந்துச்சு. உள்ள போனா நான் முழுசா வெளிய வர மாட்டேன். புண்ணு மட்டும் ஆறட்டும், நானே போறேன். சத்தியமா."

"மாமா..."

"எங்கிட்ட ஒனக்கு கடன் ஒண்ணும் இல்ல. இத மட்டும் பண்ணு. வாயத் தொறக்காத."

அக்கா தலையை முடிந்துகொண்டே இறங்கி வந்தாள். "என்ன ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள மாநாடு?" என்றாள். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பதில் கைதேர்ந்தவன். கடைக்கு ஒருத்தர் கருமக்கிரியைக் கார்டில் "அனைவரும் வருக வருக" என்று போடச் சொன்ன கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். மாமாவும் சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். "என் கார்டுக்கு நல்ல பேப்பராப் போடு" என்றார். அக்கா அவர் தோளில் ஒன்று போட்டுவிட்டுப் போனாள். பெரிய அண்டாக்களும் கரண்டிகளும் ஏற்றிய சமையல் லோரி வாசலில் வந்து நின்றது, அவள் ஏறினாள், போய்விட்டது.

மத்தியானம் ஹாருவானை அறுப்பதாக ஏற்பாடு. அக்கா மண்டபத்திலிருந்து இடைவேளையில் வந்து சூப் வைப்பாள். அதுவரை அது வாளியில் இருந்தது. மழை ஓயவில்லை. மாமா நாற்காலியில் தலையணைகளோடு தூங்கிப் போனார். என்னிடம் இனி மறைக்க வேண்டியதில்லை என்பதால் படுப்பதுபோல நடிக்கவும் இல்லை. கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில், தரையில் சுவரோடு சாய்ந்து நான் உட்கார்ந்திருந்தேன். செய்தித்தாள் மடியில் கிடந்தது, படித்ததாக ஞாபகமில்லை.

இடப்பக்கம் வாளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொப். மீன் மேலே வந்து காற்றை விழுங்கி உள்ளே போகும் சத்தம். பிறகு அமைதி. வலப்பக்கம் மாமாவின் மூச்சு. சின்னச் சின்னதாக, வேகமாக, மேலோட்டமாக. அது மெல்லக் குறைந்துகொண்டே வரும். குறைந்து, குறைந்து, ஒரேயடியாக நின்றுவிடும். கூடத்தில் மழைச்சத்தம் மட்டும். நான் என்னையறியாமல் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பிறகு திடீரென்று தலை தூக்கி, வாய் திறந்து, ஒரு பெரிய இழுப்பு. கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே. பிறகு மறுபடி கவிழ்ந்துவிடுவார்.

டொப் என்றது மீன்.

சிரிப்புச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதில் ஒரு வேடிக்கை தேடும் மனசு. அன்றைக்கும் தேடியது. மாமாவுக்கும் மீனுக்கும் யார் முதலில் மேலே வருகிறார்கள் என்று போட்டி வைக்கலாம் என்றுகூடத் தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். நான் சிரிக்கவும் போனேன். அப்போது மாமாவின் மூச்சு நின்றது. மீன் மேலே வந்தது, போனது. மாமா வரவில்லை. மீன் மறுபடி மேலே வந்தது. மாமா இன்னும் வரவில்லை.

எழுந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை பின்னால் சாய்ந்தது. பிறகு ஒரு இழுப்பு, அடித்தொண்டையிலிருந்து, கொழகொழவென்று. கண் திறந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியச் சற்று நேரமானது.

அப்போதுதான் என் கால் நனைந்திருப்பதைக் கவனித்தேன். பின்கதவின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே வந்து, கூடத்துத் தரையில் பாய்போல விரிந்துகொண்டிருந்தது. வடிகால் திரும்பிவிட்டது.

"மாமா, கால மேல தூக்குங்க. புண்ணுல படும்."

அவர் தூக்க முயன்றார். தூக்கினால் குனிய வேண்டும், குனிந்தால் மூச்சு நிற்கிறது. காலை இறக்கினால் அழுக்குத் தண்ணீர் கட்டைத் தொடுகிறது. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு காலை அதில் வைத்தேன். அவர் பின்னால் சாய்ந்தார். சாய்ந்ததும் நெஞ்சு பதறியது, மறுபடி நிமிர்ந்தார். எங்கே வைத்தாலும் தண்ணீர் அவரை விடவில்லை, வெளியிலிருந்து ஒன்று ஏறிக்கொண்டிருந்தது, உள்ளேயிருந்து ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

நான் கைப்பேசியை எடுத்தேன்.

"யாருக்கு?" என்றார்.

"ஆம்புலன்ஸுக்கு."

"வேணாம் மச்சான்."

ஆம்புலன்ஸ்காரர்கள், சாலை முனையில் தண்ணீர் நிற்பதால் வர நேரமாகும் என்றார்கள். நான் அக்காவைக் கூப்பிட்டேன். மாமா என் கையைப் பிடிக்க எட்டினார், எட்டவில்லை. எட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"அக்கா, மாமாவுக்கு மூச்சு நிக்குது. ராத்திரியெல்லாம் படுக்கிறதே இல்ல. நாற்காலியிலதான் தூங்குறாரு. காலு ரெண்டும் வீங்கியிருக்கு. ஒனக்குத் தெரியக் கூடாதுனு கட்டிலக் கலச்சு வெக்கிறாரு."

மறுமுனையில் அண்டாவில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

"எவ்ளோ நாளா?"

"தெரியல. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

அவள் வைத்துவிட்டாள். மாமா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பேச அவரிடம் மூச்சு மிச்சமிருந்ததா என்றும் தெரியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சமையல் லோரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. சக்கரம் உயரம் என்பதால் வர முடிந்தது. முழங்காலளவு தண்ணீரில் அக்கா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். கையில் இன்னும் மஞ்சள் கறை. மாமாவை நாற்காலியோடு தூக்கினோம், லோரி ஓட்டி வந்தவரும் நானும் இன்னும் ஒரு சமையல்காரரும். காலுக்கு அக்கா ஒரு நெகிழிப் பையைக் கட்டினாள். சாம்பார் அண்டாவுக்கும் சோற்று அண்டாவுக்கும் நடுவில் அவரை உட்கார வைத்தோம். கல்யாண வீட்டு சாம்பார் வாசனையோடுதான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்குள் வாளி சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது. வலைத் துணி தனியாகப் போய்க்கொண்டிருந்தது. மீனைக் காணோம்.

வழி பூராவும் அக்கா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவை அவர் தலை தொங்கும்போதும், "மேல வாங்க, மேல வாங்க" என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அந்த டிவி நிகழ்ச்சியெல்லாம் தெரியாது. அவளுக்கு எப்படி அந்த வார்த்தை வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. "நுரையீரல்ல தண்ணி, அங்கிள்" என்றாள் என்னிடம். என்னை அங்கிள் என்றதை இன்னொரு நாளாக இருந்தால் வாதாடியிருப்பேன். "இதயம் பம்ப் பண்ண மாட்டேங்குது, கிட்னி வெளிய தள்ள மாட்டேங்குது. தண்ணி போறதுக்கு எடமில்ல. கொஞ்சம் லேட்டா வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டாள். பிறகு காலின் கட்டைப் பிரித்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை, நல்ல வளர்ப்பு. ஆனால் அவள் பேனா முனை, புண்ணைத் தாண்டி, கணுக்காலைத் தாண்டி, மேலே எங்கோ ஓரிடத்தில் காற்றில் கோடு போட்டது. மாமா அதைப் பார்த்தார். ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கோட்டைப் பற்றி முடிவெடுக்கக் காத்திருக்கச் சொன்னார்கள். முதலில் தண்ணீர் இறங்க வேண்டும். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை நிரம்பிக்கொண்டிருந்தது. கால் வீக்கம் வற்றியது. கன்னம் ஒட்டியது. தண்ணீர் போனபின் பார்த்தால், இத்தனை நாளும் தொப்பை என்று நாங்கள் கேலி செய்த இடத்தில் பெரிய ஆளே இல்லை. மெலிந்த ஒரு மனிதர் இவ்வளவு காலமாக அதற்குள் இருந்திருக்கிறார். கிட்னிக்கு இனி வாரந்தோறும் மெஷின் தேவைப்படும் என்று சொன்னார்கள். காலைப் பற்றி அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னார்கள். அந்த அடுத்த வாரம் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

நான் தினமும் கடையை முடித்துக்கொண்டு கோமுட்டரில் கிள்ளானுக்கு ஓடினேன். அக்கா எனக்கும் சேர்த்து சாப்பாடு கொண்டுவந்தாள், அவரோடும் பேசினாள், என்னோடும் பேசினாள். மாமா மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முகமூடியை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் வைத்தபிறகும் பேசவில்லை. நான்தான் பேசினேன். எதிர்க்கட்டில் அங்கிளின் குறட்டையைப் பற்றி, நர்ஸ் என்னை நோயாளி என்று நினைத்து ஊசியோடு வந்ததைப் பற்றி, கடைக்கு வந்த பைத்தியக்கார வாடிக்கையாளர்களைப் பற்றி. அவர் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, இன்னொரு கட்டடத்தின் சுவர்தான்.

ஒருநாள் சாயங்காலம் பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. அக்கா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மறுநாள் காலையில் டாக்டர்கள் கூடிக் காலைப் பார்ப்பதாக இருந்தது. அவர் போர்வையை இழுத்து, இரண்டு கால்களும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். என் கதைகளெல்லாம் தீர்ந்துபோயிருந்தன. பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டும் நின்றேன்.

"நாளைக்கு அவங்க பாக்குறப்ப நானும் வந்து பக்கத்துல நிக்கட்டா மாமா?" என்றேன்.

அவர் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

"வந்தா வாய மூடிக்கிட்டு நில்லு."